பழைய ரேஸ் காரும் 'புதுப்பிக்கிறேன்' பேர்வழிகளும்

ஆன்லைன் ஏலங்களில் பழைய ரேடியோ கன்ட்ரோல் கார் தேடுகிற எல்லோருக்கும் இந்த மாதிரி விளம்பரம் பழக்கமானதுதான். 1984 ஒரிஜினல் ஹார்னெட், முழுக்கப் புதுப்பித்தது, மியூசியம் தரம், ஒரு கீறல் கிடையாது! படத்தைப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். பாடி பளபள. ஸ்டிக்கரில் ஒரு ஓரம்கூடக் கிழியவில்லை. டயரில் மண் பட்ட தடமே இல்லை. விலையைப் பார்த்தால் மட்டும் லேசாகத் தலை சுற்றும்.

இப்போது அதே காரைப் பிரித்து ஒவ்வொன்றாக மேஜை மேல் அடுக்கிப் பாருங்கள். பாடி? மறுவெளியீட்டில் வந்த புதுப் பாடி. ஸ்டிக்கர்? யாரோ ஸ்கேன் செய்து அச்சடித்து விற்கிற நகல். டயர்? புதுசு. ஷாக், கியர்பாக்ஸ் ஓடு, டிரைவர் பொம்மை, திருகுகள்? எல்லாமே புதுசு. கடைசியில் 1984-ஐச் சேர்ந்ததாக மிஞ்சுவது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. அதாவது சேஸி. அதையும் பாலிஷ் போட்டுத் தேய்த்தாயிற்று.

"இது எங்க பாட்டி காலத்து அருவாமனை. கட்டைய மூணு தடவை மாத்தினோம், அலகை ரெண்டு தடவை மாத்தினோம், அவ்ளோதான்" என்கிற கதைதான் இது. வித்தியாசம் என்னவென்றால் அருவாமனையை யாரும் மியூசியம் தரம் என்று சொல்லி ஏலம் விடுவதில்லை :-)

இந்தப் பதிவின் கட்சி இதுதான். இன்று 'ரெஸ்டோரேஷன்' என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி புதுப்பித்தலே அல்ல. பழைய காரை அழித்துவிட்டு, அதன் பெயரையும் பிறந்த வருஷத்தையும் ஒரு புதுக் காருக்கு மாட்டிவிடுகிற ஆள்மாறாட்டம். அதைப் பாராட்டிக் கைதட்டுகிறவர்களும் அதில் கூட்டாளிகள்தான்.

'பொம்மைக் காருக்கு இத்தனை ஆவேசமா' என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அதற்கும் பதில் வருகிறது.

பொம்மை இல்லீங்க, ரேஸ் கார்

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஜப்பானின் ஷிசுவோகாவில் இருக்கும் டாமியா நிறுவனம் 1976-ல் போர்ஷே 934-ஐ 12-ல் ஒரு பங்கு அளவில் வெளியிட்டது. அதுதான் அவர்களின் முதல் ரேடியோ கன்ட்ரோல் கார். கடையில் வாங்கி உடனே ஓட்டுகிற சமாச்சாரம் இல்லை. பெட்டிக்குள் பாகங்கள்தான் இருக்கும். ஒவ்வொரு திருகாக முடுக்கி நீங்களே கட்ட வேண்டும். 1979-ல் ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் என்று இரண்டு மணல்வெளி வண்டிகள் வந்தன. சிமென்ட் தரையை விட்டு மண்ணில் ஓட்டலாம் என்றதும் இந்தப் பொழுதுபோக்கின் முகமே மாறியது. 1983-ல் ஃபிராக், 1984-ல் கிராஸ்ஹாப்பர், ஹார்னெட், 1985-ல் ஹாட்ஷாட் என்று வரிசையாக வந்தன. இன்னொரு பக்கம் கியோஷோ 1982-ல் ஸ்கார்ப்பியனையும் 1985-ல் செயின் வைத்து நாலு சக்கரமும் இழுக்கும் ஆப்டிமாவையும் இறக்கியது.

ஆனால் பந்தயம் என்று வந்தால் பெயர் வேறு. அமெரிக்காவின் அசோசியேட்டட் எலக்ட்ரிக்ஸ் 1984-ல் ஆர்சி10 என்ற காரைக் கொண்டுவந்தது. தங்க நிறத்தில் அனோடைஸ் செய்த அலுமினியத் தொட்டிதான் சேஸி. ஆர்ம்கள் நைலான். எண்ணெய் நிரப்பிய ஷாக்குகள். பொம்மையைப் பெரிதாக்கிச் செய்தது இல்லை, நிஜ ரேஸ் காரைச் சின்னதாக்கிச் செய்தது. 1985-ல் கலிஃபோர்னியாவின் டெல் மாரில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டு சக்கர இழுவைப் பிரிவில் ஜே ஹால்சி ஜெயித்தது ஆர்சி10-ல்தான். அடுத்து 1987-ல் இங்கிலாந்தின் ராம்சியில் நாலு சக்கரப் பிரிவை மசாமி ஹிரோசாகா ஜெயித்தது, இங்கிலாந்துத் தயாரிப்பான ஷூமேக்கர் கேட் காரில்.

ஆக இவை அலமாரி பொம்மைகள் இல்லை. மண்ணில் விழுந்து, சுவரில் மோதி, ஒரு ரவுண்டில் உடைந்து அடுத்த ரவுண்டுக்குள் ஒட்டவைக்கப்பட்டு ஓடியவை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வருஷத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பழைய காரைக் காப்பாற்றுவதற்கு முன்னால் அது எது என்று தெரிய வேண்டும். 'புதுப்பிக்கிறேன்' பேர்வழிகள் முதலில் கோட்டைவிடுவது இங்கேதான்.

மிகப் பிரபலமான தவறு: பாகத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள், 1984 டாமியா என்று புடைப்பெழுத்து இருக்கிறது, உடனே 'ஆஹா, 1984 பாகம்' என்று துள்ளிக் குதிக்கிறார்கள். அந்த வருஷம் பாகம் தயாரான வருஷம் இல்லை சாமி! அச்சு வெட்டிய வருஷம். பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றுகிற அந்த இரும்பு அச்சில் வருஷம் பொறித்திருக்கிறது. அதே அச்சில் பத்து வருஷம் கழித்து வார்த்தாலும் அதே வருஷம்தான் விழும். இருபது வருஷம் கழித்து மறுவெளியீட்டுக்கு வார்த்தாலும் அதே கதைதான். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு மகனுக்கு வயது சொல்கிற மாதிரிதான் இது.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? ஒரே ஒரு அடையாளத்தை நம்பக்கூடாது, அதுதான் முதல் பாடம். நாலைந்து சாட்சிகள் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

பெட்டியும் கையேடும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. டாமியா ஒவ்வொரு கிட்டுக்கும் ஐந்திலக்க எண் தருகிறது. பழைய ஹார்னெட் 58045. 2004-ல் மறுவெளியீடாக வந்தது 58336. பழைய ஃபிராக் 58041, 2005-ல் வந்தது 58354. பழைய சாண்ட் ஸ்கார்ச்சர் 58016, 2010-ல் வந்தது 58452. பெயரும் படமும் ஒன்றாக இருக்கலாம், எண் ஒன்றாக இருக்காது.

பெட்டி இல்லையென்றால் காரே பேச வேண்டும். ஃபிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காரில் கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற அச்சின் முனை அறுகோண உருண்டையாக இருக்கும். ஓட ஓட அது உட்காருகிற குழி தேய்ந்து வழுக்க ஆரம்பிக்கும். அந்தக் காலத்து ஃபிராக்காரர்களின் நிரந்தரத் தலைவலி இது. மறுவெளியீட்டில் இதைத் தூக்கிவிட்டு, நாய் எலும்பு மாதிரி இருக்கிற 'டாக்போன்' அச்சு வைத்தார்கள். ஆக பின்பக்கம் குனிந்து பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். கவனிக்க, பாதிக் கதைதான். மறுவெளியீட்டு கியர்பாக்ஸைப் பழைய காரில் மாட்டியவர்களும் உண்டே!

ஹார்னெட்டும் கிராஸ்ஹாப்பரும் இன்னொரு பொறி. ரெண்டும் அண்ணன் தம்பி. சேஸித் தொட்டியின் வடிவம் ஒன்றுதான். ஹார்னெட்டில் கறுப்பு, கிராஸ்ஹாப்பரில் வெள்ளை. கிராஸ்ஹாப்பரில் சின்ன 380 மோட்டார், ஹார்னெட்டில் 540. பின்னால் எண்ணெய் ஷாக் இருந்தால் ஹார்னெட் வகை, வெறும் ஸ்பிரிங் என்றால் கிராஸ்ஹாப்பர் வகை. வெள்ளைத் தொட்டி மேல் ஹார்னெட் பாடி உட்கார்ந்திருந்தால் ஒன்று, யாரோ ஏமாற்றுகிறார்கள். அல்லது 1986-ல் ஒரு பையன் தன் கிராஸ்ஹாப்பரின் பாடியை உடைத்துவிட்டு, கிடைத்த ஹார்னெட் பாடியை வைத்து ஓட்டியிருக்கிறான். ரெண்டாவது நிஜமென்றால் அந்தப் பொருத்தமில்லாத பாடிதான் அந்தக் காரின் உண்மையான வரலாறு. அதைக் கழற்றிப் 'சரியான' பாடி போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷமாவது யோசிக்க வேண்டாமா?

ஆர்சி10-க்கு வேறு சாட்சிகள். ஆரம்பகால அலுமினியத் தொட்டிகளில் ஏ, பி என்று ஒற்றை எழுத்து குத்தியிருக்கும். எந்தக் கட்டத்துத் தயாரிப்பு என்பதற்குச் சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது அதைத்தான். கியர்பாக்ஸ் ஆறு கியர் கொண்ட பழைய வகையா, பின்னாளில் வந்த 'ஸ்டெல்த்' வகையா என்பது அடுத்த சாட்சி. சேஸி பழசு, கியர்பாக்ஸ் புதுசு என்றால் அது தவறு இல்லை. ஓடிக்கொண்டிருந்த கார் காலத்தோடு நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

காப்பாற்றுவது வேறு, அழிப்பது வேறு

பழைய காரைத் தொடவே கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. தொட்டே ஆக வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

முதல் எதிரி பேட்டரி. அந்தக் காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரியில் 1.2 வோல்ட் செல்கள் ஆறு, மொத்தம் 7.2 வோல்ட். வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டால் வருஷக்கணக்கில் கசியும். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். வெள்ளைப் பொடியாகப் பூத்து வயரையும் பித்தளைத் தொடுமுனைகளையும் தின்னும். அதைக் கழற்றியே ஆக வேண்டும். காட்மியம் நச்சு என்பதால் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது, முறையாக ஒப்படைக்க வேண்டும். பொடி பூத்த இடத்தைக் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்தால் காரம் முறியும். இது வைத்தியம். இதில் ஒரு தகராறும் இல்லை.

அடுத்து நைலான். நைலானுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். காய்ந்துபோனால் மொறுமொறு என்று ஆகிவிடும், சின்ன இடிக்கே ஆர்ம் முறியும். அதற்காகப் பழைய ஆர்மைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கொதிநீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் ஈரத்தைக் குடித்து மறுபடி வளைந்துகொடுக்கும். செலவு? ஒரு பாத்திரம் வெந்நீர். ஆனால் பேர்வழிகள் என்ன செய்கிறார்கள்? பழசைக் கழற்றிப் போட்டுவிட்டு நகல் ஆர்ம் வாங்கி மாட்டுகிறார்கள். காரணம் கேட்டால், பழசு மஞ்சளாக இருக்கிறதாம்!

மஞ்சளாகத்தான் இருக்கும். வெள்ளை பிளாஸ்டிக்குக்கு வயசானால் மஞ்சள் தட்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்க வைக்கும் வித்தை 2008 வாக்கில் பழைய கம்ப்யூட்டர் பிரியர்களிடமிருந்து பரவியது. வெளுக்கும், உண்மைதான். பல நேரம் கொஞ்ச நாளில் திரும்பவும் மஞ்சளாகும் என்பதும் உண்மை. திட்டுத்திட்டாக வெளுத்து அசிங்கமாவதும் உண்டு.

பாடி விஷயம் இன்னும் மோசம். ரேஸ் பாடி என்பது பாலிகார்பனேட் என்ற கண்ணாடி மாதிரியான மெல்லிய பிளாஸ்டிக். பெயின்ட் வெளிப்பக்கம் இல்லை, உள்பக்கம் அடித்திருக்கும். அதனால்தான் கீழே உரசினாலும் நிறம் போகாது. அந்தப் பெயின்டை ஒரு பையன் 1985-ல் தன் கையால் அடித்திருப்பான். கோடு கோணலாக இருக்கும். மூலையில் கொஞ்சம் வழிந்திருக்கும். ஓட்டியவனின் கையெழுத்து அதுதான். பேர்வழிகள் அதைத் தின்னர் ஊற்றித் துடைக்கப் பார்க்கிறார்கள். அசிட்டோன், தின்னர் பட்டால் பாலிகார்பனேட் நுண்ணிய வெடிப்பு விட்டு வெளிறிப்போகும். பாடியும் போச்சு, பெயின்டும் போச்சு. அப்புறம் 'பழைய பாடி சேதமாயிட்டுது, அதனால புதுசு போட்டேன்' என்று விளக்கம் வேறு.

எல்லாவற்றிலும் உச்சம் ஆர்சி10-ன் தங்கத் தொட்டி. அடிப்பக்கம் கல்லிலும் மண்ணிலும் தேய்ந்து வெள்ளிக் கோடுகள் விழுந்திருக்கும். பேர்வழி அதைக் காஸ்டிக் சோடாவில் முக்கி அனோடைஸ் பூச்சை மொத்தமாக உரித்து, மணல்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி தங்க நிறம் ஏற்றுகிறார். கீறல் போய்விட்டது. கூடவே குத்தியிருந்த எழுத்தும் மழுங்கிவிட்டது. எந்தச் சாட்சியை வைத்து அது பழைய கார் என்று நிரூபிக்க வேண்டுமோ, அந்தச் சாட்சியையே தேய்த்தாயிற்று. கல்வெட்டு மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டுச் சுவர் இப்போது சுத்தமாக இருக்கிறது பாருங்கள் என்று காட்டுகிற சாமர்த்தியம் இது.

பெட்டிப் படம் என்ற மாயை

இத்தனைக்கும் ஆணிவேர் ஒன்றுதான். பெட்டியின் மேல் அச்சடித்த படம். கார் அந்தப் படத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும், அதுதான் 'சரி', மற்றதெல்லாம் 'தவறு' என்று ஒரு மதமே உருவாகியிருக்கிறது.

ரேஸ் கார் எதுவும் பெட்டிப் படம் மாதிரி ஓடியதே இல்லை. கிட்டில் வந்த புஷ்களைக் கழற்றிப் பால் பேரிங் போடுவார்கள். மெக்கானிக்கல் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில், சர்வோவின் கை ஒரு தொடுமுனையை நகர்த்த, ரெசிஸ்டர் சூடாகிக்கொண்டே இருக்கும். கையில் காசு வந்ததும் அதைத் தூக்கிவிட்டு நோவாக், டெக்கின் மாதிரி எலக்ட்ரானிக் கட்டுப்பாடு வைப்பார்கள். தார்ப் நிறுவனத்தின் டிஃபரன்ஷியல், எம்ஐபி-யின் பாகங்கள் என்று ஒவ்வொன்றாக ஏறும். எடை குறைக்கச் சேஸியில் துளை போடுவார்கள். உடைந்த இடத்தில் அலுமினியத் துண்டு வைத்துத் திருகுவார்கள். அதில் பாதி வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் அறுத்தது.

இப்படி ஒரு கார் இன்று கிடைத்தால் அதுதான் பொக்கிஷம். அந்தத் துளைகளைப் பார்த்து அன்றைக்கு எடை எப்படி ஒரு வெறியாக இருந்தது என்று சொல்லலாம். எந்த ஆர்ம் திரும்பத் திரும்ப ஒட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து எந்தப் பக்கம் அடிபட்டது என்று சொல்லலாம். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் பதிவாகவில்லை. பெரிய சாம்பியன்ஷிப்பில் ஜெயித்தவர் பெயர் பதிவாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கிளப் ரேஸில் பதினோராவதாக வந்த பையன் எப்படி வண்டி கட்டினான் என்பது அந்த வண்டியில் மட்டும்தான் இருக்கிறது.

அதைத்தான் குப்பையில் போட்டுவிட்டு, பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி ஒரு காரை உண்டாக்குகிறார்கள். அப்படி ஒரு கார் அந்த ரேஸ் மைதானத்தில் என்றுமே ஓடவில்லை. அப்புறம் எதைப் 'பழைய நிலைக்கு'க் கொண்டுவருகிறார்கள்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

உணர்ச்சியெல்லாம் இருக்கட்டும், காசுக் கணக்குக்கு வரலாம். ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அந்த ஆய்வும் ஒரு காரணம். சாரம் இதுதான். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எது நல்லது எது ஓட்டை என்று பிரிக்க முடியாததால் வாங்குபவர் எல்லாவற்றுக்கும் சராசரி விலைதான் தருவார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, சந்தையை விட்டு வெளியேறுவார். மிஞ்சுவது ஓட்டை வண்டிகள்தான்.

ஏகர்லாஃப் சொன்னது நிஜக் கார். ஆனால் சின்னக் காருக்கும் அச்சு அசலாகப் பொருந்துகிறது. புதுப் பாகங்களைப் பழசோடு கலந்து 'ஒரிஜினல்' என்று விற்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? வாங்குபவர் எல்லோரையும் சந்தேகிப்பார். உண்மையாகவே 1984-ல் வாங்கி, ஓட்டி, பரணில் போட்டு வைத்த காரை ஒருவர் விற்க வந்தால் 'மஞ்சளா இருக்கே, கீறலா இருக்கே' என்று விலையைக் குறைப்பார்கள். அவர் என்ன செய்வார்? அவரும் நகல் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிப் பளபளப்பாக்குவார். கடைசி ஒரிஜினலும் காலி. ஈயத்தைப் பார்த்து இளிக்கிற பித்தளைக்குத்தான் இங்கே அதிக விலை.

தேய்மானம் என்றால் மதிப்புக் குறைவு என்றுதான் கணக்குப் புத்தகம் சொல்லும். இங்கே தேய்மானம்தான் மதிப்பு. தேய்ந்த அடிப்பாகம்தான் அந்தக் கார் ஓடியதற்கான ரசீது. ரசீதைக் கிழித்துவிட்டுப் பணம் கேட்பது எந்த ஊர் வியாபாரம்?

எதிர்க்கட்சி வாதங்கள்

'என் கார், என் காசு, என் இஷ்டம்.' தாராளமாக. தடுக்க இங்கே சட்டம் எதுவும் இல்லை. ஆனால் இஷ்டம் என்பதற்கும் சரி என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தவிர, அந்தக் கார் உங்களோடு முடியப்போவதில்லை. உங்களுக்குப் பின்னால் இன்னொருவர் கைக்குப் போகும். அவரிடம் உண்மை போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி.

'சின்ன வயசுல கடைக் கண்ணாடி வழியாப் பார்த்து ஏங்கினது. இப்பதான் வாங்க முடிஞ்சுது. அது புதுசா, பெட்டிப் படம் மாதிரி இருக்கணும்னு ஆசைப்படுறது தப்பா?' இந்த வாதத்துக்கு மட்டும் மனசு இளகத்தான் செய்கிறது. அந்த ஏக்கம் உண்மையானது, அதைக் கிண்டல் செய்ய முடியாது. ஆனால் அதற்கு மருந்து கடையிலேயே கிடைக்கிறதே! டாமியா ஹார்னெட்டையும், கிராஸ்ஹாப்பரையும், ஃபிராக்கையும், ஹாட்ஷாட்டையும், அவான்டேயையும் திரும்ப வெளியிட்டது. கியோஷோ 2014-ல் ஸ்கார்ப்பியனையும் 2016-ல் ஆப்டிமாவையும் கொண்டுவந்தது. அசோசியேட்டட்டும் 2013-ல் ஆர்சி10-ஐத் திரும்பக் கொடுத்தது. அதே நிறுவனம், அதே வடிவம், முழுக்கப் புதுசு. பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு திருகாக முடுக்குகிற சந்தோஷமும் கூடவே வரும். புதுக் கார் ஆசைக்குப் புதுக் கார் வாங்குங்கள். அதற்காக ஒரு பழைய கார் ஏன் பலியாக வேண்டும்?

'அலமாரியில வெச்சுப் பார்க்கவா கார்? ஓட்டணும்னா உடைஞ்சதை மாத்தித்தானே ஆகணும்?' நல்ல வாதம். ஓட்ட வேண்டும், நிச்சயமாக. ஓட்டுகிறவர் பேரிங்கை மாற்றட்டும், பல் போன கியரை மாற்றட்டும், புது டயர் போடட்டும். 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ரேடியோவுக்குப் பதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைத்தால் வண்டி கட்டுப்பாடு இழந்து சுவரில் மோதாமல் தப்பிக்கும். அதுவும் ஒரு பாதுகாப்புதான். ஆனால் லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் ஏற்றி நாற்பது வருஷ கியர்பாக்ஸை முறுக்காதீர்கள். அது தாத்தாவை நூறு மீட்டர் ஓட்டத்தில் விடுகிற மாதிரி. ஓட்டுவதற்காக மாற்றிய பழைய பாகத்தை எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் சண்டையே இல்லை. அடித்து ஓட்டத்தான் ஆசை என்றால் மறுவெளியீடு இருக்கவே இருக்கிறது.

'வெறும் பொம்மைக்கு இவ்வளவு தேவையா?' இதோ அந்தப் பதில். அரண்மனைச் சாமான்களைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது. சாதாரணப் பையன் சாதாரண மேஜையில் உட்கார்ந்து செய்த சாமான்களைக் காப்பாற்ற யாரும் இல்லை. அது அவரவர் மேஜையில்தான் பிழைக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே சாக வேண்டும்.

அப்படியானால் என்னதான் செய்வது?

1964-ல் வெனிஸில் கூடிய நினைவுச்சின்னப் பாதுகாப்பு நிபுணர்கள் ஒரு சாசனம் எழுதினார்கள். அதில் ஒரு விதி: காணாமல்போன பாகத்துக்குப் பதில் வைப்பது மொத்தத்தோடு இணைந்திருக்க வேண்டும், அதே சமயம் அசலிலிருந்து பிரித்தறியக் கூடியதாகவும் இருக்க வேண்டும். கட்டடங்களுக்கு எழுதியதுதான். ஆனால் ஒன்றேகால் அடி நீளக் காருக்கும் இதைவிட நல்ல விதி கிடையாது. நிஜக் கார் உலகமே இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பெபிள் பீச்சில் நடக்கும் பெரிய பழங்காலக் கார் போட்டியில், புதுப்பிக்காமல் அப்படியே காப்பாற்றிய கார்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

சின்னக் காருக்குச் சுருக்கமாக இப்படி:

1. எதையும் கழற்றுவதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். எழுத்து குத்திய இடம், எண், ஸ்டிக்கர் ஒட்டிய விதம், வயர் போன வழி எல்லாம்.

2. முதலில் கழுவுங்கள். சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும். பாதிக் கார்கள் இந்தக் கட்டத்திலேயே பிழைத்துக்கொள்ளும்.

3. மாற்றுவதற்கு முன் சரிசெய்யப் பாருங்கள். காய்ந்த நைலானுக்கு வெந்நீர், கசிவுக்கு வினிகர், துருவுக்கு எண்ணெய்.

4. மாற்றியே ஆக வேண்டுமென்றால் புதுப் பாகத்தின் உள்பக்கம் யாரும் பார்க்காத இடத்தில் வருஷத்தைக் கீறி வையுங்கள். அச்சில் விழுந்த 1984 பக்கத்தில் நீங்கள் கீறிய வருஷமும் இருக்கட்டும்.

5. கழற்றியது எதுவானாலும் டப்பாவில் போட்டுக் காரோடு வையுங்கள். விற்றால் டப்பாவையும் சேர்த்துக் கொடுங்கள்.

6. ஒரு அரைப்பக்கக் காகிதம். எது பழசு, எது புதுசு, எது நகல் என்று எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள்.

இதில் எதற்கும் பெரிய செலவு கிடையாது. கை வித்தையும் வேண்டாம். கொஞ்சம் நேர்மை வேண்டும், கொஞ்சம் பொறுமை வேண்டும். பளபளப்பாக்குவதற்கு ஆகிற செலவை விட இது மலிவு!

கடைசியாக ஒன்று. ஒரு ஏலத்தில் இரண்டு ஆர்சி10 வருகின்றன என்று வையுங்கள். ஒன்று தங்கமாக ஜொலிக்கிறது. இன்னொன்றின் அடிப்பாகம் முழுக்கக் கீறல், ஆர்ம் மஞ்சள், பாடியில் கோணலாக ஒரு நீலக் கோடு, சேஸியில் யாரோ கையால் போட்ட ஏழு துளைகள், அதில் ஒன்று தப்பான இடத்தில். முதல் காரைப் பார்த்து 'அழகா இருக்கு' என்று சொல்லலாம். அதற்கு மேல் அதனிடம் கேட்க ஒன்றும் இல்லை. இரண்டாவது காரிடம் கேட்கலாம். அந்த ஏழாவது துளை ஏன் தப்பியது, ரேஸுக்கு நேரமாகிவிட்டதா, கை நடுங்கியதா, அப்பாவின் டிரில்லிங் மெஷினைச் சொல்லாமல் எடுத்தானா...

அந்தத் துளையை அடைத்துப் பாலிஷ் போடத்தான் பேர்வழி ஒருவர் மணல்தாளோடு காத்துக்கொண்டிருக்கிறார். அவர் கையிலிருந்து அந்தத் தாளைப் பிடுங்கி வைத்தாலே போதும், பாதி ரெஸ்டோரேஷன் முடிந்த மாதிரிதான்.